மீக்கோங்: கேட்பதற்கும் கட்டுவதற்கும் நடுவில்

1995 ஏப்ரல் 5 அன்று தாய்லாந்தின் சியாங் ராய் நகரில் லாவோஸ், தாய்லாந்து, கம்போடியா, வியட்நாம் ஆகிய நான்கு நாடுகளும் கையெழுத்திட்ட மீக்கோங் ஒப்பந்தத்தின் தலைப்பிலேயே ‘நீடித்த வளர்ச்சி’ இடம்பெற்றிருக்கிறது. அதன்வழி பிறந்த மீக்கோங் ஆற்று ஆணையத்தின் நடைமுறைகளில் அதிகம் பேசப்படுவது முன்கலந்தாய்வு. முதன்மை ஆற்றில் அணை கட்ட விரும்பும் நாடு தன் திட்ட ஆவணங்களை மற்ற மூன்று நாடுகளிடமும் தர வேண்டும். ஆறு மாத காலம் அவை ஆராய்ந்து கருத்துச் சொல்லும். திட்டத்தைத் தடுக்கும் அதிகாரம் யாருக்கும் கிடையாது. மற்றவர் உரிமையைப் பொருட்படுத்தாமல் கட்டிக்கொள்ளும் உரிமையும் யாருக்கும் கிடையாது.

இந்த நடைமுறையைப் பயனற்றது என்று ஒதுக்குவோருடன் நான் உடன்படவில்லை. இதன் வேர் 1957இல் ஐ.நா. ஆதரவில் தொடங்கிய மீக்கோங் குழுவில் இருக்கிறது. இந்தோசீனப் போர்க் காலத்திலும் அந்தக் குழு பிழைத்து நின்றது. ஒன்றையொன்று நம்பாத அரசுகள் நீர்மட்டக் கணக்கையும் வெள்ள முன்னறிவிப்பையும் இன்று பகிர்ந்துகொள்வது எளிதில் கிடைத்த பேறல்ல. ஆணையம் தன் உறுப்பு நாடுகளுக்குப் பிடிக்காத உண்மைகளையும் வெளியிட்டிருக்கிறது. கீழ் மீக்கோங்கின் முதன்மை ஆற்று அணைகளைப் பத்து ஆண்டுகள் தள்ளிவைக்கலாம் என்று அதன் 2010ஆம் ஆண்டு மதிப்பீடு பரிந்துரைத்தது. திட்டமிட்ட அணைகள் யாவும் எழுந்தால் வியட்நாமின் கழிமுகத்தை எட்டும் வண்டல் 2040க்குள் 97 விழுக்காடு குறையும் என்று 2018இல் வெளியான ஆய்வு எச்சரித்தது. அந்நாட்டின் நெல்லில் ஏறத்தாழ பாதி விளையும் நிலம் அது. வண்டல் வராவிட்டால் கரை அரிக்கும், கடலின் உப்பு வயலுக்குள் ஏறும்.

ஆனால் சயபுரி அணை வந்தபோது அந்த 2010 மதிப்பீடு எதைத் தடுத்தது? வடக்கு லாவோஸில் 1,285 மெகாவாட் திறனுள்ள அந்தத் திட்டத்துக்கான கலந்தாய்வு 2010 செப்டம்பரில் தொடங்கியது. 2011 ஏப்ரலில் நான்கு நாடுகளும் கூடியபோது உடன்பாடு எட்டவில்லை. கூடுதல் ஆய்வு தேவை என்று அண்டை நாடுகள் வலியுறுத்தின. அந்த ஆண்டு டிசம்பரில் அமைச்சர்கள் கூடி அதை ஏற்கும் முன்பே, அக்டோபரில், தாய்லாந்தின் அரசு மின்வாரியம் கொள்முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்டது. 2012 நவம்பரில் அடிக்கல் விழா நடந்தது. 2019 அக்டோபரில் வணிக அளவில் மின்சாரம் பாயத் தொடங்கியது.

கலந்தாய்வுக்குப் பலன் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். எழுந்த எதிர்ப்பால் மீன்கள் கடக்கும் வழியும் வண்டலை வெளியேற்றும் மதகுகளும் மாற்றி வடிவமைக்கப்பட்டன. ஆனால் அணையை எப்படிக் கட்டுவது என்று திருத்த முடிந்ததே தவிர, அணை வேண்டுமா என்ற கேள்வி மேசைக்கு வரவே இல்லை.

அது ஏன் வரவில்லை என்பதற்கு லாவோஸை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. கடற்கரையற்ற ஏழை நாடு அது. ஆறும் மலையும் அதன் கையிருப்பு. மின்சாரம் விற்று வருவாய் தேட நினைப்பதில் தவறில்லை. சயபுரியின் மின்சாரத்தில் 95 விழுக்காட்டை வாங்குவது தாய்லாந்து. கட்டியது தாய்லாந்து நிறுவனம், கடன் கொடுத்தவை தாய்லாந்து வங்கிகள். கலந்தாய்வு மேசையில் அதே தாய்லாந்து பாதிக்கப்படும் நாடாகவும் அமர்ந்திருந்தது. அதன் வடகிழக்கு ஆற்றங்கரை மக்கள் 2012இல் தங்கள் நாட்டு நிர்வாக நீதிமன்றத்தையே நாட வேண்டியிருந்தது. வியட்நாமின் நிலையும் இதிலிருந்து அதிகம் விலகியதல்ல. கழிமுகத்தைக் காக்க மேல்நிலை அணைகளை எதிர்த்த நாடு, லாவோஸின் லுவாங் பிரபாங் அணைத் திட்டத்தில் தன் அரசு எண்ணெய் நிறுவனத்தின் துணை நிறுவனம் வழியே பங்கு வைத்திருந்தது. கட்டுபவர், கேட்கப்படுபவர் என்று இரு தரப்பு இருப்பதாக எண்ணி நடைமுறை எழுதப்பட்டிருக்கிறது. பணமோ அந்தக் கோட்டை மதிக்காமல் இரு பக்கமும் ஓடுகிறது.

இதில் வாய்ப்பில்லாமல் தனித்து நிற்பது கம்போடியா. மழைக்காலத்தில் மீக்கோங் பெருகும்போது தோன்லே சாப் ஆறு பின்னோக்கி ஓடி அதே பெயருள்ள ஏரியைப் பல மடங்கு விரிக்கிறது. அந்நாட்டு மக்களின் புரதத்துக்கு அங்கே பிடிபடும் மீன் பேராதாரம். தன் எல்லைக்குள் முதன்மை ஆற்றில் பத்தாண்டுக்கு அணை இல்லை என்று கம்போடியா 2020இல் அறிவித்தது. மேலிருந்து வரும் ஓட்டம் மாறிவிட்டால் இந்தக் கட்டுப்பாட்டால் ஏரிக்குக் கிடைப்பது சொற்பமே.

சீனா 1996 முதல் ஆணையத்தின் உரையாடல் கூட்டாளி மட்டுமே, உறுப்பினர் அல்ல. மேல்பகுதியில் அது கட்டியுள்ள பெரும் அணைகளை முன்கலந்தாய்வு தொடுவதே இல்லை. ஆண்டு முழுவதற்குமான நீரளவுத் தகவலைத் தர அது இசைந்ததும் 2020இல்தான்.

சீர்திருத்தம் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் தடுப்பதிகாரம் வேண்டும் என்கிறார்கள். அது கிடைக்காது, கிடைத்தால் லாவோஸ் மேசையை விட்டே எழுந்துபோகும். பிடி வேறிடத்தில், மின்சாரம் வாங்கும் நாட்டின் கையில், இருக்கிறது. லாவோஸின் லுவாங் பிரபாங், பாக் பெங் அணைத் திட்டங்களில் கலந்தாய்வு முடிந்து ஆண்டுகள் கழித்து, 2022, 2023இல்தான் தாய்லாந்து கொள்முதலில் கையெழுத்திட்டது. தன் தேவையைவிட மிகுதியான உற்பத்தித் திறன் வைத்திருந்த நாடு, விலை பேசிய அதே தாளில் நிபந்தனையும் எழுதியிருக்கலாம். மதகு திறக்கும் நாள்களை ஆணையம் சொல்ல வேண்டும், மீன் கணக்கெடுப்பு வெளிப்படையாக வேண்டும், இரண்டும் தவறினால் யூனிட் விலை குறையும் என்பன போன்ற நிபந்தனைகள் அவை. இதற்கு 1995 ஒப்பந்தத்தில் ஒரு வரியையும் திருத்த வேண்டியதில்லை. பாங்காக்கில் மின்சாரம் வாங்குவோர் கையெழுத்திடும் முன் ஆணையத்தின் தொழில்நுட்ப அறிக்கையைத் தங்கள் ஒப்பந்தத்தோடு இணைத்தால் போதும்.