வழக்கில் இல்லாதவர்கள்

முல்லைப் பெரியாறு வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2014 மே 7 அன்று தீர்ப்பளித்தது. அதைப் பற்றி நான் படித்த சட்டக் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே கேள்வியைச் சுற்றுகின்றன: நீதிமன்றம் முடிவுசெய்த ஒன்றைச் சட்டமன்றம் மாற்றலாமா?

அணையில் 142 அடி வரை நீர் தேக்கலாம் என்று 2006 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அடுத்த மாதமே கேரளச் சட்டமன்றம் ஒரு திருத்தச் சட்டம் கொண்டுவந்து 136 அடியைத் தாண்டக் கூடாது என்றது. இரு தரப்பையும் கேட்டு நீதிமன்றம் முடித்துவைத்த வழக்கைச் சட்டமன்றம் திரும்பத் தீர்மானிக்க முடியாது என்று 2014 தீர்ப்பு அந்தத் திருத்தத்தைச் செல்லாததாக்கியது. அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 1995இல் பிளாட் வழக்கில் ஏறக்குறைய இதையே சொன்னது: முடிந்துபோன தீர்ப்புகளைத் திறக்கும்படி நாடாளுமன்றம் நீதிமன்றங்களுக்கு உத்தரவிட முடியாது.

இதைப் பெண்கள் 'வக்கீல்கள் சமாச்சாரம்' என்று ஒதுக்கிவிட முடியாது. 1985இல் ஷா பானு ஜீவனாம்சம் பெறும் உரிமையை வென்றார். 1986இல் நாடாளுமன்றம் புதுச் சட்டம் இயற்றி மணவிலக்குப் பெற்ற முஸ்லிம் பெண்களின் அந்த வழியைக் குறுக்கியது. 2001இல் டேனியல் லத்தீஃபி வழக்கில் நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்துசெய்யாமலேயே, பெண்ணின் எதிர்காலத்துக்கும் சேர்த்து நியாயமான ஏற்பாடு வேண்டும் என்று பொருள்கொண்டது. பொதுச் சட்டத்தை மாற்றச் சட்டமன்றத்துக்கு உரிமை உண்டு. ஒரு குறிப்பிட்ட வழக்கின் முடிவைத் தூக்கியெறிய உரிமை இல்லை. இந்த மெல்லிய கோட்டின்மேல்தான் பெண்கள் வென்ற பல உரிமைகள் நிற்கின்றன. ஆகவே 2014 தீர்ப்பின் அடிப்படை எனக்கு உடன்பாடே.

என் விமர்சனம் அந்தக் கட்டுரைகளின் மேல். இது அரசியல் சாசனத்தின் 131ஆவது பிரிவின்கீழ் வந்த வழக்கு. அதில் வழக்காட அரசுகளுக்கு மட்டுமே இடமுண்டு. தமிழ்நாடு வாதி, கேரளம் பிரதிவாதி. அமர்வின் ஐந்து நீதிபதிகளும் ஆண்கள். அணையை ஆராய 2010இல் நீதிமன்றம் அமைத்த குழுவின் ஐந்து பேரும் ஆண்கள். வழக்கின் வடிவம் நீதிமன்றத்தைக் கட்டும், சரி. கட்டுரை எழுதுகிறவரை அது ஏன் கட்ட வேண்டும்?

கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் இந்தத் தண்ணீரை நம்பியிருக்கிறது. நாற்று நடுவதும் களையெடுப்பதும் பெண்கள். பட்டா பெரும்பாலும் ஆண்கள் பெயரில். எனவே 'விவசாயிகளின் உரிமை' என்று எழுதும்போதே நட்டவள் விடுபட்டுப்போகிறாள். கம்பத்திலும் கூடலூரிலும் போடியிலும் விடிவதற்குள் ஜீப் ஏறி, ஏலத்தோட்ட வேலைக்கு இடுக்கி மலைக்குப் போகிற பெண்களும் இருக்கிறார்கள். இவர்களின் வீட்டு வயல் அணைத் தண்ணீரில் விளையலாம். இவர்களின் கூலி கேரளத்தில் இருக்கிறது. 2011 டிசம்பரில் அணைப் பிரச்சினை மூண்டு எல்லைச் சாலைகள் அடைபட்டபோது, தோட்டங்களிலிருந்த தமிழ்த் தொழிலாளர்கள் பலர் பயந்து மலையிறங்கினார்கள். அணைக்குக் கீழே வண்டிப்பெரியாறு பக்கம் தேயிலைத் தோட்ட லயன்களில் வாழ்கிறவர்களிலும் தமிழ்ப் பெண்கள் உண்டு. அணை உடையுமோ என்ற பயம் மலையாளிகளுக்கு மட்டும் உரியதல்ல. இந்தப் பெண்களை வாதி என்பதா, பிரதிவாதி என்பதா?

1886 குத்தகை ஒப்பந்தம் 8,000 ஏக்கரை 999 ஆண்டுகளுக்கு, ஏக்கருக்கு ஐந்து ரூபாய் வாடகையில் எழுதிக்கொடுத்தது. 1970இல் அது முப்பது ரூபாய் ஆனது. நிலத்துக்கு விலை பேசும் இந்த ஆவணங்களை வரி வரியாக அலசுகிறவர்கள், தண்ணீர் நின்றால் எந்தக் கூலி முதலில் நிற்கும், எல்லை அடைபட்டால் எந்த அடுப்பு முதலில் அணையும் என்பதையும் கேட்கலாம். நீதிமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் நடுவே கோடு கிழிப்பது பொதுச் சட்டத்தின் பாதி வேலை. அந்தக் கோட்டின் இரு பக்கமும் கால் வைத்துப் பிழைக்கிறவர்களைக் கணக்கில் எடுப்பது மறுபாதி. அந்த மறுபாதியை நம் மாணவிகள் எழுத வேண்டும்.