பீஸ் ரேட்டில் ஒரு மேதை: நாகேஷின் நடிப்பு குறித்து

மாரியம்மன் நோம்பிக்கு மைக் செட் கட்டினால், பக்திப் பாட்டு முடிந்த கையோடு ‘திருவிளையாடல்’ ஒலிச்சித்திரம் போடுவது ஒரு காலத்தில் கொங்கு நாட்டின் எழுதாத சட்டம். தருமி புலம்பத் தொடங்கியதும் பந்தல்காரர் முதல் பூசாரி வரை எல்லார் முகமும் மலரும். படம் பார்க்காதவருக்கும் வசனம் மனப்பாடம். இன்று திருப்பூர் மண்ணரைப் பனியன் கம்பெனியில் டீ நேரத்தில் செக்கிங் பெண்கள் ஒரு செல்போனைச் சுற்றி உட்கார்ந்து சிரிப்பதும் அதே தருமியைப் பார்த்துத்தான். என்ன, இப்போது மூன்று நிமிடத் துண்டாக வருகிறது. 1965-இல் வந்த படம். அதில் நடித்த பெரிய பெரிய தெய்வங்களையெல்லாம் முந்திக்கொண்டு ஓர் ஏழைப் புலவன் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறான். இந்த ஆயுள் தருமியாக நடித்த நாகேஷுக்கு எப்படிக் கிடைத்தது, அதற்கு அவர் நடிப்பு என்ன விலை கொடுத்தது என்று இரண்டையும் சேர்த்தே கேட்க வேண்டும். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் முதல் கேள்வியோடு எழுந்து போய்விடுகிறார்கள்.

நாகேஷ் நம்ம மாவட்டத்துக்காரர். 1933 செப்டம்பர் 27-இல் தாராபுரத்தில் கன்னடம் பேசும் குடும்பத்தில் பிறந்தவர், இயற்பெயர் நாகேஸ்வரன். ஒல்லி உடம்பு, அம்மைத் தழும்பு விழுந்த முகம். சென்னைக்குப் போய் ரயில்வேயில் குமாஸ்தா ஆனார். தியாகராய நகரில் கவிஞர் வாலியும் அவரும் அறைத்தோழர்களாக இருந்த பசிக்கதைகள் பலமுறை சொல்லப்பட்டவை. ரயில்வே ஊழியர் நாடகமொன்றில் வயிற்றுவலிக்காரனாக ஒரு சின்ன வேடம். தலைமை தாங்க வந்த எம்.ஜி.ஆர். அந்த வயிற்றுவலிக்காரனைத்தான் மேடையில் பாராட்டினார். 1959-இல் ‘தாமரைக்குளம்’ படத்தில் திரைக்கு வந்தார்.

வாழ்க்கைக் குறிப்பைவிட முக்கியம் அவர் வந்த மேடை எது என்பது. சிவாஜி கணேசன், டி.எஸ். பாலையா, ஏ.பி. நாகராஜன் ஆகியோர் பழைய நாடகக் கம்பெனிகளில் வளர்ந்தவர்கள். சின்ன வயதிலிருந்தே பாட்டு, உச்சரிப்பு, நிற்கும் விதம், நடக்கும் விதம் என்று உருட்டித் திரட்டப்பட்டவர்கள். நாகேஷுக்கு அந்தக் குருகுலம் வாய்க்கவில்லை. அவருடையது சென்னையின் சபா நாடகம்: பகலில் அலுவலகத்தில் கோப்பு தள்ளியவர்கள் மாலையில் ஒத்திகை பார்த்து மேடையேற்றிய நாடகம். அதன் பெரும் புள்ளியான கே. பாலசந்தரும் அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலக ஊழியர்தான். ஒரு கூடம், நாலு நாற்காலி, ஒரு தொலைபேசி. காட்சி மாற்றும் வசதி குறைவு. வசனந்தான் வண்டியை இழுக்க வேண்டும். வாரம் முழுக்க வேலை பார்த்துக் களைத்த கூட்டம் அடிக்கடி சிரித்தாக வேண்டும். அந்த அவசரத்தில்தான் நாகேஷின் நாக்கும் கைகாலும் வேகம் கற்றன.

அயர்லாந்திலும் ஒருவர் இப்படி வந்தார். டப்ளின் நகரத்து ஆபி நாடக அரங்கின் பேரி ஃபிட்ஸ்ஜெரால்டு 1929 வரை பகலில் அரசு எழுத்தர், இரவில் நடிகர். ஷான் ஓகேஸி எழுதிய நாடகங்களில் வாய்ச்சவடால்காரர்களாக நடித்துப் பேரெடுத்து, பிறகு ஹாலிவுட் போனார். அலுவலகத்து மனிதர்களைத் தினமும் பார்க்கிற ஒருவன் மேடைக்குக் கொண்டுவருகிற நடிப்பில் பாவனை குறைவாகவும் பழக்கம் அதிகமாகவும் இருக்கும். கோட்டையிலிருந்தும் கொட்டகையிலிருந்தும் வந்த முகங்களுக்கு நடுவே, மாதக் கடைசியில் கைமாற்று கேட்கிற ஒரு முகத்தை நாகேஷ் கொண்டுவந்தார். அதுவரை தமிழ்ப் படத்து நகைச்சுவையில் அறிவுரையும் பாட்டும் தூக்கலாக இருந்தன. இவர் வந்த பிறகு பதற்றம் சேர்ந்தது.

நாகேஷ் என்றாலே வேகம் என்கிறார்கள். ஜெர்ரி லூயிஸ் மாதிரி என்று ஒரு பட்டமும் கட்டிவிட்டார்கள். நான் இதை ஒப்பமாட்டேன். வேகம் அவருடைய கருவி, அவ்வளவுதான். அவர் கலை இருப்பது எதிராளியைக் கவனிப்பதில்.

1964-இல் வந்த ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’ படத்தில் செல்லப்பா (நாகேஷ்) தன் அப்பா விஸ்வநாதனுக்கு (பாலையா) கதை சொல்லும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒலியை நிறுத்திவிட்டு ஒரு தடவை பாருங்கள். படமெடுக்கப் பணம் வேண்டும். அதற்காகப் பேய்க்கதை சொல்கிறான் மகன். பின்னணி ஓசைகளையும் அவனே வாயால் போடுகிறான். எல்லோரும் சொல்வது அந்த ஓசைகளைப் பற்றித்தான். ஆனால் நாகேஷின் கண் பாலையாவின் முகத்தை விட்டு நகர்வதில்லை. பாலையா சலிப்போடு இருக்கும்போது இவர் உடம்பு தள்ளி நிற்கிறது. சலிப்பு கலைந்து பயம் எட்டிப்பார்த்ததும் இவர் நெருங்குகிறார். குரல் ஏறவில்லை, இறங்குகிறது. பாலையா மிரண்டு விழிக்கும் இடத்தில் இவர் சட்டென்று ஒரு நொடி ஒன்றுமே செய்யாமல் இருக்கிறார். அந்த ஒரு நொடியில்தான் கொட்டகை வெடிக்கும். அந்தக் காட்சி பாலையாவுக்கே சொந்தம் என்று சில ரசிகர்கள் வாதாடுவார்கள். உண்மைதான். அதை அவருக்குச் சொந்தமாக்கிக் கொடுத்தவர் நாகேஷ்.

தருமியும் இப்படித்தான். கோயில் மண்டபத்துத் தனிப் புலம்பல் அருமை, மறுக்கவில்லை. ஆனால் சிவனாக சிவாஜி வந்து அசையாமல் நின்ற பிறகுதான் தருமி முழு மனிதன் ஆகிறான். எதிரே இருப்பது மலை. இவர் அதைச் சுற்றிச் சுற்றி ஓடும் ஆடு. சந்தேகம், பேராசை, பயம், புலவனென்ற மிச்சமிருக்கும் ரோஷம் எல்லாம் முதுகெலும்பின் வளைவிலேயே தெரிகின்றன. அரண்மனையில் நக்கீரர் பாட்டில் குற்றம் என்றதும், பிழைக்குத் தக்கபடி பரிசைக் குறைத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுக்கச் சொல்லிப் பேரம் பேசுவாரே, அங்கே முகத்தைப் பாருங்கள். சிரிக்க வைக்க முயலும் எந்த அறிகுறியும் அதில் இல்லை. வீட்டில் அரிசி இல்லாத ஒருவனின் நிஜமான கணக்கு அது. நக்கீரராக நடித்த இயக்குநர் நாகராஜன் அந்த இடத்தில் கத்தரி வைக்காமல் விட்டது தமிழுக்குச் செய்த உபகாரம்.

இனி விலைக்கு வருவோம்.

அறுபதுகளில் நாகேஷ் உழைத்தது எங்கள் ஊர் பீஸ் ரேட் மாதிரி. இத்தனை உருப்படிக்கு இவ்வளவு கூலி. உருப்படி எந்தச் சட்டையில் போய்ச் சேருகிறது என்று தையல்காரர் கேட்பதில்லை. ஒரே நாளில் பல படப்பிடிப்புத் தளங்களுக்கு ஓடினார். கதையோடு ஒட்டாத ‘காமெடி டிராக்’ தனியாக எழுதப்பட்டு, தனியாக எடுக்கப்பட்டு, கதாநாயகன் மூச்சு வாங்கும் இடங்களில் செருகப்பட்டது. இப்படி எடுத்த காட்சிகளில் எதிராளி இல்லை, அல்லது அடி வாங்கவும் அடி கொடுக்கவும் மட்டுமே ஓர் ஆள். கவனிக்க யாரும் இல்லாதபோது நாகேஷிடம் மிஞ்சியது வேகம் மட்டும். குரல் உச்சத்துக்கு ஏறும், கண் உருளும், கை காற்றில் துழாவும். கம்பெனி நாடகக்காரர்களுக்கு ஒரு மோசமான காட்சியில் ஒளிந்துகொள்ளக் குரல் என்ற கேடயம் இருந்தது. சபா மேடையில் வளர்ந்தவருக்கு அதுவும் கிடையாது. இன்று அந்தப் படங்களில் பலவற்றை உட்கார்ந்து பார்ப்பது தண்டனை. இதைச் சொல்ல நாம் கூச்சப்பட வேண்டியதில்லை. செல்போன் துண்டுகள் நல்லதைப் பொறுக்கித் தருவதால் குப்பை மறைந்துபோகிறது. கூடவே, நல்ல காட்சிக்கு முன்னும் பின்னும் இருந்த படமும் மறைந்துபோகிறது.

இரண்டாவது குறை அவர் கைக்கு வெளியே இருந்தது, ஆனால் அவர் நடிப்பிலும் படிந்தது. அவர் முகத்தையே பல இயக்குநர்கள் நகைச்சுவையாக எடுத்துக்கொண்டார்கள். பாலசந்தர் எழுதி, கிருஷ்ணன்–பஞ்சு இயக்கிய ‘சர்வர் சுந்தரம்’ (1964) நாகேஷைக் கதாநாயகனாக்கிய படம் என்று கொண்டாடப்படுகிறது. நன்றாக யோசித்தால், இவனை ஒரு பெண் விரும்பமாட்டாள் என்பதைப் பார்வையாளர் முதலிலேயே ஒப்புக்கொண்டால்தான் அந்தச் சோகம் நிற்கும். ஓட்டலில் தட்டுகளை அடுக்கிக்கொண்டு ஓடும் சுந்தரம் அற்புதம். பெரிய நடிகனாகி, காதல் இல்லை என்று தெரிந்து, தாயையும் இழந்து கலங்கும் சுந்தரம் எனக்கு ஒட்டவில்லை. அந்த இடங்களில் நாகேஷ் யாரையும் பார்க்கவில்லை, தன்னையே பார்த்துக்கொள்கிறார். பாலசந்தருக்கு நாகேஷ்மேல் இருந்த அன்பு பெரிது. சிரிப்பவனை அழவைத்துப் பார்க்கும் ஆசையும் பெரிது. ‘நீர்க்குமிழி’ (1965) முழுக்க ஓர் ஆஸ்பத்திரிக்குள் நடக்கும் படம். சாவை வைத்துக்கொண்டு குறும்பு செய்யும் சேதுவாக நாகேஷ் பாதிப் படம்வரை மனசை அள்ளுவார். பிறகு வசனம் தத்துவம் பேசத் தொடங்கும். நடிகர் ஒலிபெருக்கி ஆவார். மாறாக, ‘எதிர்நீச்சல்’ (1968) மாது இன்றும் உயிரோடு இருக்கிறான். மாடிப்படிக்கடியில் குடியிருக்கும் அந்த அநாதையை ஒண்டுக்குடித்தனத்தில் இருக்கும் ஒவ்வொருவரும் ஒரு வேலை ஏவுகிறார்கள். ஒவ்வொரு ஏவலுக்கும் ஒவ்வொரு விதமாக உடம்பு குனிய வேண்டும். அங்கே நாகேஷுக்குக் கவனிக்க ஆட்கள் இருந்தார்கள்.

ஒரு சின்ன வருத்தம், இடையில் சொல்லிவிடுகிறேன். ‘அனுபவி ராஜா அனுபவி’யில் தூத்துக்குடித் தமிழ் பேசினார், அக்ரகாரத் தமிழ் பேசினார், மெட்ராஸ் பாஷை பேசினார். கொங்குத் தமிழ் அவர் வாயில் திரையில் நிலைக்கவில்லை. அந்தப் பெயரைப் பின்னால் கோவை சரளாதான் தட்டிக்கொண்டு போனார். தாராபுரத்துக்காரர் செய்திருக்க வேண்டிய வேலை அது.

எழுபதுகளின் பிற்பகுதியில் வாய்ப்பு சுருங்கியது. புதிய நகைச்சுவைக்காரர்கள் வந்தார்கள், வேகத்துக்கு வயசானது. பலர் கதையை இங்கே முடிப்பார்கள். எனக்கோ அவர் நடிப்பின் சிறந்த பகுதி இதற்குப் பிறகும் பாக்கி இருப்பதாகத் தோன்றுகிறது. அதற்கு விதை 1968-லேயே போடப்பட்டது: ‘தில்லானா மோகனாம்பாள்’ வைத்தி. மரியாதையாகச் சிரித்துக்கொண்டே பெண்ணைப் பெரிய மனிதர்களிடம் சேர்க்கப் பார்க்கும் தரகன். நாம் சிரிக்கிறோம், சிரித்ததற்கு வெட்கப்படவும் செய்கிறோம். இருபத்தோரு ஆண்டு கழித்து ‘அபூர்வ சகோதரர்கள்’ தர்மராஜாக அவர் வந்தபோது கமல்ஹாசனும் சிங்கீதம் சீனிவாசராவும் அந்த வைத்தியிடமிருந்து சிரிப்பைக் கழித்துவிட்டுக் குரூரத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அடுத்த ஆண்டே ‘மைக்கேல் மதன காமராஜன்’. முதலாளி காசில் கைவைத்துவிட்டு முழிக்கும் காரியதரிசிக்கு அவிநாசி என்று பெயர். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்தப் பெயருக்காகவே கூடுதலாக ஒரு சிரிப்பு உண்டு. தருமியின் அதே பயம் அவிநாசியிடமும் இருக்கிறது. ஓட்டம் மட்டும் இல்லை. வயசு அந்த ஓட்டத்தை எடுத்துக்கொண்டு, கவனிப்பை விட்டுவைத்தது.

‘மகளிர் மட்டும்’ (1994) படத்தைத் திருப்பூர்ப் பெண்கள் இன்னும் பார்க்க வேண்டும். ஆயத்த ஆடை நிறுவனத்தில் வேலை செய்யும் மூன்று பெண்கள், தொல்லை கொடுக்கும் மேலாளர், சிரிப்புக்கு நடுவே நமக்கு மிகத் தெரிந்த ஒரு விஷயம். அதில் நாகேஷ் பிணமாக வருகிறார். தமிழ்த் திரையின் துறுதுறுப்பான உடம்பு, ஒரு வசனமும் இல்லாமல், ஆஸ்பத்திரியிலிருந்து தள்ளிக்கொண்டு போகப்படுகிறது, தூக்கப்படுகிறது, சாய்கிறது. ரேவதியும் ஊர்வசியும் ரோகிணியும் தவிக்கும் தவிப்பெல்லாம் அந்த உடம்பு எப்படிக் கனக்கிறது, எந்தப் பக்கம் சரிகிறது என்பதைப் பொறுத்தே சிரிப்பாகிறது. தன்னை ஒரு பொருளாக்கி மற்றவர் நடிக்க இடம் கொடுப்பது எளிதல்ல. பாலையாவுக்கு முன்னால் ஒரு நொடி சும்மா இருந்தவர், இங்கே காட்சி முழுக்கச் சும்மா இருந்தார்.

அதே ஆண்டு வந்த ‘நம்மவர்’ படத்தில் மகளைப் பறிகொடுக்கும் பேராசிரியராக நடித்ததற்குச் சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது கிடைத்தது. ‘சர்வர் சுந்தரத்’தில் வராத அழுகை இதில் வந்தது; காரணம், முப்பது ஆண்டில் அவர் அழுகையை அடக்கக் கற்றிருந்தார். ‘துணை’ என்ற அந்த வகைப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. முன்பு சொன்ன ஃபிட்ஸ்ஜெரால்டை 1944-ஆம் ஆண்டுப் படம் ஒன்றில் ஒரே வேடத்துக்காகச் சிறந்த நடிகர், சிறந்த துணை நடிகர் என்று இரண்டு பட்டியலிலும் ஆஸ்கர்காரர்கள் பரிந்துரைத்துவிட்டு, குழப்பத்தைப் பார்த்துப் பிறகு விதியையே மாற்றினார்கள். துணை விருதுதான் அவருக்கு வந்தது. இந்த வகை நடிகர்களை எந்தப் பெட்டியில் போடுவதென்று எந்த நாட்டுக்கும் தெரிவதில்லை. நம் நாடு அந்தக் குழப்பத்தை மிச்சப்படுத்திக்கொண்டது: நாகேஷுக்குப் பத்ம விருது எதுவும் தரப்படவில்லை.

2009 ஜனவரி 31-இல் அவர் இறந்தார். தாராபுரத்தையும் சேர்த்துக்கொண்டு திருப்பூர் மாவட்டம் செயல்படத் தொடங்கியது அடுத்த மாதம். மாவட்டத்துக்கு அவர் பெயரில் சிலை வேண்டும், சாலை வேண்டும் என்று கேட்கப் போவதில்லை. அதைக் கேட்க வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நமது புத்தகத் திருவிழாவிலோ, ஞாயிற்றுக்கிழமை எந்த மண்டபத்திலோ, ‘மகளிர் மட்டும்’ அல்லது ‘எதிர்நீச்சல்’ படத்தை முதலிலிருந்து கடைசிவரை வெட்டாமல் ஒருமுறை திரையிடுங்கள். பனியன் கம்பெனிப் பெண்களுக்கு அன்றைக்கு ஓவர்டைம் வைக்காமல் இருந்தால் போதும், மண்டபம் நிறைந்துவிடும்.