நாற்கூற்று மருந்தும் உரையாசிரியர் கண்ட நோயாளியும்

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் 'மருந்து'. பொருட்பாலில் அமைந்த இவ்வதிகாரத்தின் பத்துக் குறள்களுள் முதற்குறள் நோய் தோன்றும் வகையைக் கூறும். அடுத்த ஆறும் உணவின் அளவையும் முறையையும் கூறும். இறுதி மூன்றே மருத்துவம் பற்றியன. பள்ளிகளில் உணவு பற்றிய குறள்கள் விரிவாகவே நடத்தப்படுகின்றன. இறுதிக் குறளோ நான்கு பெயர்களை அடுக்கிய வாய்பாடாகக் கருதப்பட்டு மனப்பாடத்தளவில் நின்றுவிடுகின்றது. நோயுற்றாரை எவ்வாறு மதித்தல் வேண்டும் என்னும் வினாவுக்கு விடை அக்குறளிலேயே உண்டு. அவ்விடையை மறைத்து நிற்பது அதற்கு எழுந்த உரையே.

மருந்து நான்கு கூறுடையது. நோயுற்றவன், அதனைத் தீர்ப்பவன், மருந்து, உழைச்செல்வான் என்போர் அந்நான்கும் ஆவர். இது குறளின் திரண்ட பொருள். நான்கு என்னும் எண் வள்ளுவர்க்கே உரியதன்று. சரகர் பெயரால் வழங்கும் வடமொழி மருத்துவ நூலும், காலத்தால் அதற்குப் பிற்பட்ட வாக்படரின் அட்டாங்க இருதயமும் மருத்துவத்துக்கு நான்கு பாதங்கள் கூறுகின்றன. கூறுகள் ஒன்றே, எண்ணும் முறைதான் வேறு. வடநூல்கள் இரண்டிலும் மருத்துவன் முதலில் நிற்பான். மருந்தும் பணிவிடை செய்வோனும் அவனைத் தொடர்வர். நோயாளி கடைசியில் வருவான். சரக நூல் இம்முறைக்குக் காரணமும் காட்டுகின்றது. குயவன் இல்லாவிடில் மண்ணும் கோலும் சக்கரமும் பயன்படாதவாறு போல, மருத்துவன் இல்லாவிடில் ஏனைய மூன்றும் பயன்படா என்பது அதன் உவமை. உவமை அழகியதே. ஆயின் அதில் நோயாளியின் இடம் யாது? மண்ணின் இடமே.

வள்ளுவர் உற்றவனை முதலில் வைத்தார்.

யாப்பு நோக்கி அமைந்த முறை இஃது என்று கூறுவாரும் உளராகலாம். அதற்கு முந்திய 949ஆம் குறளுக்கு அக்கூற்று ஓரளவு பொருந்தும். உற்றான், கற்றான் என்னும் எதுகை அங்கு உண்டு. இறுதிக் குறளிலோ அத்தகைய நிறைந்த எதுகை இல்லை; உற்றவன், அப்பால் என வல்லின எதுகை மட்டுமே உண்டு. இவ்வளவு தளர்ந்த தொடையின் பொருட்டு முறையையே மாற்றினார் என்பது வலிந்து கூறுவதாகும். மேலும் 949ஆம் குறளிலும் நோயின் அளவுக்கு முன்னே நோயுற்றவன் அளவே கூறப்பட்டது. ஆளைப் பார்த்தபின் நோயைப் பார்ப்பது என்னும் நோக்கு இரண்டிடத்தும் ஒத்து நிற்கின்றது. இதுகொண்டு வள்ளுவர் வடநூலை மறுக்கவே எழுதினார் எனத் துணிதல் மிகையாம். அவர் நோக்கு வேறு என்ற அளவில் நிற்பதே முறை.

இனிப் பரிமேலழகர் உரையைக் காண்போம். நான்கு கூறும் தனித்தனியே நந்நான்கு பகுதியுடையன எனக் கொண்டு பதினாறு இயல்புகளை அவர் எண்ணுகின்றார். நோயாளிக்கு உரியனவாக அவர் கூறுவன பொருளுடைமை, மருத்துவன்வழி நிற்றல், நோய்நிலை உணர்த்தல், மருந்தால் வரும் துன்பம் பொறுத்தல் என்பன. வள்ளுவர் உற்றவனை முதலில் நிறுத்த, உரையாசிரியர் அவனிடத்துப் பணம் உண்டா என்பதை முதலில் கேட்கின்றார்!

இப்பொருளுடைமை எங்கிருந்து வந்தது? குறளில் அதற்குச் சொல் இல்லை. சரக நூலிலும் இல்லை. நினைவாற்றல், சொன்னபடி செய்தல், அஞ்சாமை, நோயை எடுத்துரைத்தல் என்பனவே அந்நூல் நோயாளிக்குக் கூறுபவை. வாக்படரோ செல்வமுடைமையை முதலாவதாக எண்ணுகின்றார். பரிமேலழகர் பட்டியல் வாக்படர் பட்டியலோடு வரிசையும் பிறழாது ஒத்துச் செல்வதால், உரை அவ்வழியைப் பின்பற்றியதென்பது வெளிப்படை. மூலிகைக்கும் பாலுக்கும் நெய்க்கும் விலை உண்டு, வறியவன் அவற்றை எங்ஙனம் பெறுவான் என்னும் உலகியல் அறிவில் எழுந்த கூற்றாக இதனைக் கொள்ளலாம். அவ்வளவில் அது பொய்யன்று. எனினும் நோயாளியின் நிலைமையைக் கூறுவது வேறு. அவனுக்கு இன்றியமையாத இயல்பாக அதனை விதிப்பது வேறு. வறியவன் மருந்தின் ஒரு கூறாகவே ஆகான் என்னும் முடிவுக்கு உரை இடந்தருகின்றது. ஈகைக்கும் ஒப்புரவுக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்த புலவர்மேல் இம்முடிவை ஏற்றுதல் தகாது.

தமிழ்நாட்டு வழக்கும் இவ்வுரைக்கு முற்றிலும் துணைநிற்கவில்லை. செங்கற்பட்டுப் பகுதியிலுள்ள திருமுக்கூடல் பெருமாள் கோயிலில், 11ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்தில் பொறிக்கப்பட்ட கல்வெட்டு ஓர் ஆதுலர்சாலையைக் குறிக்கின்றது. பதினைந்து படுக்கைகள், ஒரு மருத்துவர், அறுவை செய்வோர் ஒருவர், மூலிகை கொணர்வோர், நோயாளியைப் பேணும் பெண்டிர் எனப் பலருக்கும் வேண்டுவன கோயில் வருவாயிலிருந்து வகுக்கப்பட்டன. அக்கோயிலைச் சார்ந்த கல்விச்சாலையின் மாணாக்கரும் கோயிற் பணியாளரும் அங்கே மருத்துவம் பெற்றனர். ஊரார் யாவர்க்கும் திறந்த சாலை அஃது அன்று. அதனையும் சொல்லியாக வேண்டும். ஆயினும் நோயாளியின் மடியை அவிழ்த்துப் பாராமல் மருத்துவம் நடைபெற வழியுண்டு என்பதைப் பரிமேலழகருக்கு முன்னரே அக்கல்வெட்டு காட்டிவிட்டது.

மருத்துவன்வழி நிற்றல் என்பதையும் இக்காலத்தார் அப்படியே ஏற்பதில்லை. 1979இல் பீச்சம், சில்ட்ரெஸ் என்னும் அமெரிக்கர் இருவர் எழுதிய மருத்துவ அறநூல், நோயாளி தானே முடிவு செய்யும் உரிமை, தீங்கு செய்யாமை, நன்மை செய்தல், நீதி என நான்கு நெறிகளை வகுத்தது. இங்கும் நான்கு வந்தது தற்செயலே. அதனைக் கண்டு வள்ளுவர் அன்றே சொன்னார் என்று மகிழ்வது ஆராய்ச்சியாகாது. பரிமேலழகர் பட்டியலில் நோய்நிலை உணர்த்தல் என்னும் ஒன்று இவ்வுரிமைக்கு ஓரளவு அண்மையது. நோயாளி பேசவேண்டும் என்றால், கேட்க ஒருவர் இருத்தல் வேண்டுமன்றோ?

உரையாசிரியர்க்கு நன்றி பாராட்ட வேண்டிய இடமும் உண்டு. அதிகார முன்னுரையில் அவர், பழவினையால் வரும் நோய் அவ்வினை கழிந்தாலன்றித் தீராது எனக் கொண்டு அதனை விலக்கி, ஏனைக் காரணங்களால் வரும் நோய்களுக்கே இவ்வதிகாரம் என வரையறுக்கின்றார். ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர் மருந்தில் அதனைப் பற்றி வாய் திறக்கவில்லை. நோயின் முதற்காரணத்தைத் தேடுக என்றே 948ஆம் குறளில் பணிக்கின்றார். படுக்கையில் கிடப்பவனை நோக்கி 'உன் வினை' என்று கைவிரிக்கும் சமயப் பேச்சுக்கு மூலத்திலும் இடமில்லை. உரையும் அதனை மருத்துவனிடம் கொண்டு வரவில்லை.

எஞ்சியது உழைச்செல்வான் என்னும் சொல். பரிமேலழகர் அவனை மருந்து இயற்றுவான் எனக் கொண்டார். அவனுக்குரிய நான்கினுள் முதலாவதாக அவரே கூறுவது நோயாளியிடத்து அன்புடைமை. அடுப்பின்முன் நின்று கசாயம் காய்ச்சுவோனுக்கு அன்பு முதற்கண் வேண்டுவானேன்? உரைப்பொருளும் பட்டியலும் இங்கே பொருந்தவில்லை. உழை என்பதற்குப் பக்கம், இடம் என்பது பொருள். பக்கத்தில் செல்பவனே உழைச்செல்வான். வடநூலில் அவ்விடத்து வரும் சொல்லும் அருகில் நிற்பவன் என்றே பொருள்படும். மருத்துவனுக்கு அஞ்சாமை, கல்வி, பழக்கம், தூய்மை என்பவற்றைக் கூறிய உரை, அன்பை அவனிடம் கேட்கவில்லை. அருகிருப்பவனிடம் மட்டுமே கேட்டது. சரக நூலோ அதே பகுதியில் நோயுற்றார்மாட்டு நட்பும் இரக்கமும் மருத்துவனுக்கும் உரியன என்கின்றது. உரைக்குள் அது வந்து சேராமற் போனது குறையே.

மலாயாத் தோட்டங்களில் சிறு மருத்துவமனைகள் இருந்த காலத்தில், டாக்டர் குறித்த நாளில் வந்து போவார். மற்ற நாட்களில் 'டிரஸர்' எனப்பட்டவரே நோயும் பார்த்து, மருந்தும் கலக்கி, புண்ணும் கட்டினார். தீர்ப்பானும் உழைச்செல்வானும் அங்கு ஒருவரே ஆயினர். இன்று இந்நாட்டுத் தமிழர் நர்ஸைத் தாதி என்கின்றனர். தமிழகத்தார் செவிலி என்பர். தாதிக்குப் பணிப்பெண் என்னும் பொருளும் பழைய வழக்கில் உண்டு. செவிலி வளர்ப்புத் தாய். உழைச்செல்வான் என்பதிலோ ஏவலும் இல்லை, உறவும் இல்லை; நோயுற்றவன் பக்கம் செல்லுதல் ஒன்றே உண்டு. குறளை நடத்தும் ஆசிரியர் இச்சொல்லுக்குப் பொருள் கூறுமிடத்து 'மருந்து தயாரிப்பவன்' என்பதை விடுத்து, 'நோயாளியின் அருகிருந்து பேணுபவர்' என எழுதிக் கொடுக்கலாம். பொருளுடைமையைப் பரிமேலழகர் கருத்து என்றே குறித்து, குறட்பொருளோடு கலவாமல் தனியே வைக்கலாம்.