குறியீடும் சொல்லும்: அணிமொழியிற் சொற்காவித் தேடல் பற்றிய ஒரு நோக்கு

கணினிச் செய்நிரல் மொழிகளைத் திறனாய்வுக்குரிய பொருளாகக் கொள்ளும் வழக்கம் தமிழில் அருகியே காணப்படுகின்றது. செய்நிரல் என்பது இயந்திரத்துக்கு இடப்படும் கட்டளை. அது வேலை செய்கின்றதா இல்லையா என்பதற்கு மேல் அதுபற்றிக் கூறுவதற்கு யாதுமில்லை என்ற எண்ணமே இதற்குக் காரணம் எனலாம். ஆயின், குறியீடு மனிதச் சிந்தனையை எவ்வாறு வழிப்படுத்துகின்றது என்ற வினாவுக்கு விடையாகவே ஒரு மொழியை ஆக்கிய அறிஞரும் உளர். கெனத் ஐவர்சன் அத்தகையவர். ஹாவாட் பல்கலைக்கழகத்தில் கற்பித்த காலத்தில் அவர் வகுக்கத் தொடங்கிய குறியீட்டு முறை 1962இல் நூலாக வெளிவந்தது. பின்னர் ஏபிஎல் என்னும் பெயரிற் கணினியில் இயங்கும் மொழியாயிற்று. 1990இல் ரொஜர் ஹூயியுடன் இணைந்து அதன் வழித்தோன்றலான ஜே மொழியையும் அவர் உருவாக்கினார்.

1979இல் ரியூறிங் விருதைப் பெற்றபோது ஐவர்சன் நிகழ்த்திய சொற்பொழிவு, குறியீட்டைச் சிந்தனையின் கருவியாகக் கொள்ளுவது. நல்ல குறியீட்டுக்குரிய பண்புகளாக ஐந்தினை அவர் அதில் எடுத்துரைத்தார். பிரச்சினையில் எழும் கருத்துக்களை எளிதில் வெளியிடுதல், ஒன்றிலிருந்து மற்றொன்றை உய்த்துணரச் செய்தல், விபரங்களைக் கீழடக்குதல், சிக்கனம், முறையான நிறுவலுக்கு இடந்தருதல் என்பன அவை. இவற்றுள் மூன்றாவதாகிய கீழடக்குதலே ஈண்டு ஆராய்வுக்குரியது. கீழடக்கப்பட்ட விபரம் வேண்டும்போது மேலே கொண்டுவரத்தக்கதாய் இருக்கின்றதா, அல்லது பார்வையிலிருந்தே மறைந்துவிடுகின்றதா என்பதைப் பொறுத்தே அப்பண்பு குணமாகவோ குற்றமாகவோ அமைகின்றது. 1975இல் டைக்ஸ்ரா ஏபிஎல் மொழியை முழுமைவரை கொண்டுசெல்லப்பட்ட தவறு எனக் கடிந்தார். அக்கண்டனம் மிகையானது என்பதை மொழியின் நீண்ட வாழ்வே காட்டும். எனினும் ஐவர்சனின் கொள்கையை அவரே தேர்ந்த கணித உதாரணங்களுக்கு அப்பால் வைத்துச் சோதிப்பது தகும். சொற்காவித் தேடல் அதற்கேற்ற களமாகும்.

சொல்லின் பொருளை அதன் அண்டைச் சொற்களைக் கொண்டு அறியலாம் என்பது பிரித்தானிய மொழியியலாளர் ஃபேர்த் 1957இல் வற்புறுத்திய கருத்து. பெருந்தொகையான நூற்பகுதிகளில் ஒரு சொல் எவற்றோடு சேர்ந்து வருகின்றது என்பதைக் கணித்து, அதனை ஓர் எண்தொடராகச் சுருக்கினால் கிடைப்பது சொற்காவி. ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தார் 2014இல் வெளியிட்ட குளோவ் தொகுதிகளுள் ஒன்று 400,000 ஆங்கிலச் சொற்களைக் கொண்டது. ஒவ்வொரு சொல்லுக்கும் 300 வரை எண்கள் உள்ளன. அவ்வெண்களை நிரைநிரையாக அடுக்கினால் 12 கோடி எண்கள் கொண்ட ஒரு தாயம் கிடைக்கும். எண்ணொன்றுக்கு 8 பைற்று வீதம் இது 96 கோடி பைற்று இடத்தைக் கொள்ளும்.

அணிமொழி எனப்படுவது இத்தகைய எண்ணடுக்கு முழுவதையும் ஒரே பொருளாகக் கையாளும் மொழி. ஈண்டு அணி என்பது செய்யுளின் அலங்காரத்தைக் குறியாது. ஒழுங்குற அடுக்கப்பட்ட உறுப்புக்களின் தொகுதியையே குறிக்கும். அம்மொழியிற் சொற்காவித் தேடல் இரு படிகளில் நிகழ்கின்றது. சொல்லிலிருந்து நிரையெண்ணை அறிதல் முதலாவது. நிரையெண்ணிலிருந்து காவியைப் பெறுதல் இரண்டாவது. இவ்விரு படிகளும் தம்மியல்பில் வேறுபட்டவை.

இரண்டாவது படியில் ஐவர்சனின் கொள்கை முழு வெற்றி பெறுகின்றது. நிரைகள் யாவும் 2,400 பைற்று என்னும் ஒரே நீளம் கொண்டவை. எனவே நிரையெண்ணை 2,400 ஆற் பெருக்கினால் அந்நிரை தொடங்கும் இடம் தெரிந்துவிடும். தேடல் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒரு நிரையெண்ணைக் கொடுத்தால் ஒரு காவியும், ஆயிரம் நிரையெண்களைக் கொடுத்தால் ஆயிரம் நிரை கொண்ட தாயமும் அதே குறியினால் கிடைக்கின்றன. சுற்று, எண்ணி, முடிவு நிபந்தனை ஆகிய எவையும் எழுதப்படவேண்டியதில்லை. விபரம் கீழடங்கினும் ஒன்றும் இழக்கப்படவில்லை. பொருளின் ஒழுங்கும் குறியீட்டின் ஒழுங்கும் ஒன்றாகவே உள்ளன.

முதலாவது படி அத்தகையதன்று. சொற்கள் நீளத்தால் வேறுபடுவன. அவற்றை எண்ணாகக் கொண்டு பெருக்கி இடம் காணமுடியாது. இதற்காக ஏபிஎல் அயோட்டா என்னும் கிரேக்க எழுத்தையும் ஜே அதற்கிணையான ஆங்கிலச் சிற்றெழுத்தையும் வைத்துள்ளன. குறியின் இடப்புறத்திற் சொற்பட்டியலையும் வலப்புறத்தில் வேண்டிய சொற்களையும் எழுதினால், ஒவ்வொரு சொல்லும் பட்டியலில் நிற்கும் இடம் விடையாக வரும். அழகிய வடிவம்தான். ஆயினும் அவ்வொரு குறியின் கீழ் அடங்கிய உழைப்பு எவ்வளவு என்பதைக் குறி தானாகக் கூறுவதில்லை.

பதினாயிரம் சொற்கள் கொண்ட ஒரு நூற்பகுதியை எடுத்துக்கொள்வோம். வேறு மொழிகளிற் பழகியவர் ஒவ்வொரு சொல்லாகக் கேட்கும் முறையில் செய்நிரலை எழுதக்கூடும். பட்டியல் ஒவ்வொரு முறையும் தொடக்கத்திலிருந்து ஒப்பிடப்படுமாயின், அதில் இல்லாத ஒரு சொல்லுக்கு 400,000 ஒப்பீடுகள் வேண்டும். பதினாயிரத்தில் ஆயிரம் சொற்கள் அவ்வாறு இல்லாதனவாயின், அவற்றுக்கு மாத்திரம் 40 கோடி ஒப்பீடுகள் செல்லும். பதினாயிரம் சொற்களையும் ஒருமிக்கக் கேட்பின் நிலைமை மாறுகின்றது. மொழியின் உட்பகுதி பட்டியலை ஒரு தடவை படித்து, எழுத்துக்களிலிருந்தே சொல்லின் இருப்பிடத்தைக் கணிக்கும் ஹாஷ் அட்டவணையொன்றை அமைத்துக்கொள்ளும். பின்னர் ஒவ்வொரு வினாவுக்கும் ஓரிரு ஒப்பீடுகளே போதும். ஜே மொழியிற் சொற்பட்டியலை அக்குறியோடு முன்னரே பிணைத்துப் பெயரிட்டு வைப்பின், அட்டவணை ஒரு தடவை அமைக்கப்பட்டு அடுத்தடுத்த வினாக்களுக்கும் பயன்படும். இரு செய்நிரல்களும் தோற்றத்தில் ஏறக்குறைய ஒன்றே, விடையும் ஒன்றே, செலவோ பன்மடங்கு வேறானது.

இதிலிருந்து பெறப்படுவது யாது? குறியீடு ஒருவரை ஒருமிக்கச் சிந்திக்கத் தூண்டுகின்றது என்ற அளவில் ஐவர்சன் கூறியது மெய்யாகின்றது; அத்தூண்டலுக்கு இணங்குபவர் வேகத்தையும் பெறுகின்றார். ஆனால் பிணைத்தலால் விளையும் நன்மை குறியீட்டிலிருந்து உய்த்துணரத்தக்கதன்று. அது மொழியை இயற்றியோர் உள்ளே செய்துவைத்த ஏற்பாடு. கைந்நூலைப் படித்தவர் அறிவர். குறியை மாத்திரம் படித்தவர் அறியார். ஐவர்சன் வேண்டிய உய்த்துணர்த்தும் பண்பு இவ்விடத்திற் குறைவுபடுகின்றது.

இதனினும் பாரதூரமானது, காணப்படாத சொல் பற்றிய ஏற்பாடு. ஜே மொழியில் எண்ணல் பூச்சியத்திலிருந்து தொடங்கும். எனவே இறுதிச் சொல்லின் இடம் 399,999. இல்லாத சொல்லுக்கு விடை 400,000. தாயத்தின் அடியிற் பூச்சியங்களாலான ஒரு நிரையைச் சேர்த்துவிட்டால், இல்லாத சொற்கள் யாவும் அந்நிரையைச் சென்றடையும். நிபந்தனை எதுவும் எழுதாமலே வழு நீங்குகின்றது. அணிமொழியாளர் போற்றத்தக்க நயம் இது. ஆயின், ஐந்து சொற்களைக் கொண்ட வாக்கியத்தின் காவியை அவற்றின் சராசரியாகக் கொள்வோமாயின், மூன்று சொற்கள் பட்டியலில் இல்லாதபோதும் விடை கிடைக்கும். பூச்சியங்கள் கூட்டுத்தொகையை மாற்றா. ஐந்தால் வகுத்தல் காவியின் நீளத்தைக் குறைக்குமேயன்றித் திசையை மாற்றாது. பொருளொப்புமை திசையினாலேயே அளக்கப்படுவதால், மூன்று சொற்கள் விடுபட்டமைக்கு எத்தடயமும் எஞ்சுவதில்லை. வழு நீங்கவில்லை, வாய்மூடச் செய்யப்பட்டுள்ளது.

ஆங்கிலத்தில் இவ்விழப்பு சிறிதாயிருக்கலாம். தமிழில் அவ்வாறன்று. வீடு என்னும் பெயர் வீட்டை, வீட்டில், வீட்டிலிருந்து, வீடுகளுக்கும் எனப் பல வடிவங்களை ஏற்கின்றது. வினைமுற்றுக்களின் வடிவங்களோ மிகப் பல. வடிவம் ஒவ்வொன்றையும் தனிச்சொல்லாகப் பதிந்த எப்பட்டியலும் முற்றுப்பெறாது. பட்டியலில் இல்லாத வடிவங்கள் பூச்சிய நிரையைச் சேருமாயின், தமிழ் வாக்கியத்தின் பெரும்பகுதி ஓசையின்றி அழிந்துபோகும். இன்னுமோர் இடரும் உண்டு. யூனிக்கோட் முறையில் ‘கொ’ என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம். எகரக் குறி, கால் என இரு குறியெண்களாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. குறியெண்களை ஒப்பிடும் தேடலுக்கு அவை இரு வேறு சொற்கள். தேடலுக்கு முன் எழுத்துவடிவை ஒருமைப்படுத்தாவிடின், பட்டியலில் உள்ள சொல்லும் இல்லாததாகிவிடும்.

சொல்லைப் பகுபடாத் தனியுருவாகக் கொண்டமையே இக்குறையின் வேர். பாஸ்ட்டெக்ஸ்ட் என்னும் முறையை விளக்கிய 2017ஆம் ஆண்டு ஆய்வு, சொல்லினுள் அடுத்தடுத்து நிற்கும் மூன்று முதல் ஆறு வரையான எழுத்துருக்களின் துணுக்குகளுக்கும் காவி அமைத்து, அவற்றின் கூட்டுத்தொகையைச் சொற்காவியாகக் கொள்ளும் வழியைக் காட்டியது. இம்முறையினால் 2018இல் 157 மொழிகளுக்கு வெளியிடப்பட்ட காவிகளுள் தமிழும் அடங்கும். இங்கு ஒரு சொல்லுக்கு ஒரு நிரை என்பதற்குப் பதிலாகப் பல நிரைகள் தெரிந்தெடுக்கப்பட்டுக் கூட்டப்படுகின்றன. தெரிந்தெடுத்தலும் கூட்டலும் அணிமொழிக்குக் கைவந்த தொழில்களே. எனவே குறை அணிமொழியின் இயலாமையினால் எழுந்ததன்று. அதனிடம் கொடுக்கப்பட்ட சொல் பற்றிய கொள்கையினால் எழுந்தது.

சுருங்கக் கூறின், எண் உள்ள இடத்தில் ஐவர்சனின் குறியீடு சிந்தனைக்கு உறுதுணையாகின்றது. சொல் எண்ணாக மாறும் வாயிலில் அது காவலின்றி நிற்கின்றது. கீழடக்கிய விபரத்தை எழுதுபவர் மீட்டுக் காணவல்லவராயின் சுருக்கம் அறிவாகும். அன்றேல் அது மறதியாகும். எத்தனை சொற்கள் பூச்சிய நிரையைச் சேர்ந்தன என்று எண்ணிப் பார்க்க அதே அணிமொழியில் ஒரு சிறு வரி போதும். தமிழ் நூற்பகுதிகளைக் கணினிவழி ஆராயப் புகும் மாணவர், வேகத்தை அளப்பதற்கு முன்னர் அவ்வரியை எழுதுதல் இன்றியமையாதது.