அரக்க விலங்கும் அணுகுண்டும்

பயங்கரப் படங்களில் வரும் அரக்க உருவங்களை ஒரு சமூகத்தின் அச்சத்திற்கு உருவகமாகக் கொள்ளலாமா? கொள்ளலாம் என்போம். ஆனால் அந்த அச்சத்தை விளைவித்தோரின் செயலையும், அதற்கு இலக்கானோரின் துயரையும் படம் மறைக்காதிருத்தல் வேண்டும்.

1954 மார்ச் முதல் நாள், பிகினித் தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. அதன் சாம்பல் ஜப்பானிய மீன்பிடி படகொன்றின் மீது பொழிந்தது. அதிலிருந்த 23 பேரும் நோயுற்றனர். செப்டம்பரில் ஒருவர் மாண்டார். நவம்பரில் இஷிரோ ஹோண்டாவின் ‘கோட்ஜிலா’ வெளிவந்தது. கடலில் பேரொளி தோன்றிக் கப்பல் அழிவதோடு கதை தொடங்குகிறது.

ரப்பர் உடை அணிந்த மனிதர் பொம்மை நகரை மிதிப்பதைக் கண்டு நாம் இன்று நகைக்கக்கூடும். மருத்துவமனையில் கதிர்வீச்சை அளக்கும் கருவியை ஒரு குழந்தையின் முன் நீட்டும் காட்சியில் அந்நகைப்பு அடங்கிவிடும். விலங்கைக் கொல்லும் ஆயுதத்தைக் கண்டறிந்த விஞ்ஞானி செரிசாவா, அது ஆள்வோர் கைக்குப் போய்விடலாகாதெனக் குறிப்புகளை எரித்து, தாமும் கடலடியில் மடிகிறார்.

1956இல் அமெரிக்காவில் வெளியான பதிப்பிலோ அணுகுண்டு பற்றிய பேச்சுகள் பல நீக்கப்பட்டன. அமெரிக்கச் செய்தியாளர் ஒருவர் கதைக்குள் புகுத்தப்பட்டார். விலங்கு அதேதான், உருவகம் நலிந்துவிட்டது.

குற்றம் எவருடையது, துயர் எவருடையது என்று சொல்லத் துணியாத படத்தில் அரக்கன் வெறும் அரக்கனே.