இரட்சணிய யாத்திரிகத்தின் தேவாரங்கள்

ஜான் பனியனின் 'மோட்ச பிரயாணம்' (1678) நூலைத் தழுவி எச்.ஏ.கிருஷ்ணபிள்ளை (1827–1900) எழுதிய காப்பியம் இரட்சணிய யாத்திரிகம் (1894). கம்பனை நினைவூட்டும் அதன் விருத்தங்களே அதிகம் புகழப்படுகின்றன. ஆனால் நூலின் உயிர் இடையிடையே வரும் தேவாரங்களில் உள்ளது.

பனியனின் கதையில் சந்தேகக் கோட்டையில் அடைபட்ட பயணிகள் நள்ளிரவு முதல் ஜெபிக்கிறார்கள். விடியும் வேளையில், வாக்குத்தத்தம் என்னும் திறவுகோல் தன் மடியிலேயே இருப்பது கிறிஸ்தியானுக்கு நினைவு வருகிறது. கதவு திறக்கிறது. அங்கே ஜெபத்தின் பதில் ஒரு நிகழ்ச்சி.

தேவாரங்களில் கதை நின்றுவிடுகிறது. பாடுபவர் தன் தகுதியின்மையைச் சொல்லி அருளை மட்டுமே கேட்கிறார். கேட்கக் கேட்க இறைவன் அருகே வருகிறான். பதில் என்று தனியாக ஒன்று தேவைப்படுவதில்லை. உருவகங்களை விளக்கும் செய்யுள்கள் இன்று சலிப்பூட்டலாம். இவை அப்படியல்ல.

கிருஷ்ணபிள்ளை வைணவராகப் பிறந்து 1858-ல் ஞானஸ்நானம் பெற்றவர். தேவாரம் என்ற பெயர் சைவத்துக்குரியது. இப்பாடல்களின் குழைவு ஆழ்வார்களுடையது.