புலால் மறுத்தலும் நெய்தல் உணவும்: முத்துக்குளித்துறைக் கடற்கரையை முன்வைத்து ஒரு மறுவாசிப்பு

ஆய்வுச் சுருக்கம்

ஊனுணவு மனிதர்க்கு இயல்பானதா, உடல்நலத்திற்கு ஏற்றதா, அறத்திற்கு ஒத்ததா என்னும் மூன்று வினாக்களைத் தமிழ்த் திறனாய்வு பெரும்பாலும் ஒரே வினாவாகவே கையாண்டு வந்துள்ளது. ஒன்றற்குக் கிடைத்த விடை மற்ற இரண்டற்கும் சான்றாகக் காட்டப்படுகிறது. பழந்தமிழ் நூல்கள் இம்மூன்றையும் தனித்தனியே வைத்துப் பேசின என்பதையும், அவற்றை ஒன்றாக்கும் வாசிப்பு திருக்குறளுக்கும் நெய்தல் நில மக்களுக்கும் ஒருங்கே தீங்கு செய்கிறது என்பதையும் தூத்துக்குடிக் கடற்கரையை முன்வைத்து இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச் சொற்கள்: புலால் மறுத்தல், கருப்பொருள், நெய்தல், பரதவர், கொற்கை, முத்துக்குளித்தல்

முன்னுரை

தூத்துக்குடிக் கடற்கரை பற்றிய இலக்கியப் பேச்சு கொற்கை முத்தில் தொடங்கி முத்திலேயே முடிவது வழக்கம். அக்கரையில் வாழ்வோர் நாள்தோறும் உண்ணும் சாளையும் நெத்திலியும் கருவாடும் ஆய்வுப் பொருளாவது அரிது. உணவு பற்றிய பேச்சு எழும்போதோ, திருக்குறளின் 26ஆம் அதிகாரம் முன்வைக்கப்படுகிறது; ஊன் உண்ணாமையே தமிழரின் உயர்ந்த நெறி என்னும் முடிபு உடன் வருகிறது. இதற்கு மறுப்பாகச் சங்கச் செய்யுட்களின் ஊன்சோற்றைக் காட்டுவோர், முன்னோர் உண்டனர், ஆதலின் நாமும் உண்பது சரியே என்று வாதிடுகின்றனர். இரு தரப்பினரும் பழைய நூல்களிடம் அவை விடையிறுக்க முற்படாத வினாவை எழுப்புகின்றனர் என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

கருப்பொருளில் உணவு

தொல்காப்பியம் கருப்பொருளை எண்ணுமிடத்துத் தெய்வத்தை அடுத்து உணவை வைக்கிறது. உணவு நிலத்தோடு பிறப்பது என்பதே இவ்வைப்பின் பொருள். மனிதர் அனைவர்க்கும் பொதுவான 'இயற்கை உணவு' என ஒன்று இருக்கக்கூடும் என்னும் எண்ணத்திற்கு இப்பாகுபாட்டில் இடமில்லை. இயல்பு என்பது திணைதோறும் வேறுபடுவது.

எனினும் உரையாசிரியர்கள் தரும் உணவுப் பட்டியலில் வியப்பளிக்கும் ஓர் ஒழுங்கு காணப்படுகிறது. குறிஞ்சிக்குத் தினையும் ஐவனநெல்லும் மூங்கிலரிசியும், முல்லைக்கு வரகு முதலியனவும், மருதத்திற்குச் செந்நெல்லும் வெண்ணெல்லும், பாலைக்கு வழிப்பறியாலும் சூறையாலும் பெற்ற பொருளும் கூறப்படுகின்றன. நெய்தலுக்குக் கூறப்படுவது மீன்விலையும் உப்புவிலையும்; அதாவது, மீனையும் உப்பையும் விற்றுப் பெற்ற பொருள். வேட்டை நிலத்திற்கு ஊன் சொல்லப்படவில்லை; கடல் நிலத்திற்கு மீனே உணவாகச் சொல்லப்படவில்லை.

இதற்கு இரு விளக்கங்கள் இயலும். உரையாசிரியர் காலத்துச் சமணமும் சைவமும் ஊனை இலக்கணப் பட்டியலிலிருந்து விலக்கியிருக்கலாம் என்பது ஒன்று. பொருளியல் சார்ந்தது மற்றொன்று: உப்பையும் நெல்லையும் ஒப்ப அளந்து மாற்றும் காட்சி அகப்பாடல்களில் உண்டு, மீனுக்கு நெல் பெறும் மகளிரும் அவற்றில் வருகின்றனர். பரதவர் பிடித்ததில் விலை பெறுவது விற்பனைக்குச் செல்லும். அவ்விலையே சோறாக வீடு திரும்பும். சீலாவும் வாவலும் ஏலத்திற்குச் செல்ல, விலை குறைந்த சாளை வீட்டு உலைக்கு வரும் இன்றைய மீனவ வாழ்க்கையும் இதற்குத் தொலைவில் இல்லை. இரண்டாம் விளக்கம் முதலாவதை முற்றும் விலக்குவதன்று. ஆயினும் மீன்விலை என்னும் சொல்லை ஊன்மறுப்பிற்குச் சான்றாகக் கொள்வதன் முன் இதனையும் எண்ணுதல் வேண்டும்.

செய்யுள் காட்டும் உணவு

பாடல்கள் பட்டியலினும் வெளிப்படையானவை. மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி, கொற்கையின் முத்தையும் சங்குவளையையும் கள்ளுண்ணும் பாக்கத்தையும் சொல்லி, அடுத்துத் தென்பரதவரைக் கொழுத்த ஊனுணவு உடையோராகக் காட்டுகிறது. 1968–69இல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை கொற்கையில் நடத்திய அகழாய்வு, அவ்வூரின் சங்குத் தொழிலுக்குப் பொருட்சான்று அளித்தது. பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் சுட்ட இறவும் வேகவைத்த ஆமையும் உண்பதைப் பாடுகிறது. புறநானூற்றின் 14ஆம் பாடலில், படைக்கலம் பயின்று வலிதான சேரன் கைக்கு எதிராக, ஊன்சோறு உண்டு மென்மையான தம் கையைக் கபிலர் காட்டுகிறார். அந்தணராகிய அவர் அதைச் சொல்லத் தயங்கவில்லை.

சிறுபாணாற்றுப்படை நம் ஆய்வுக்கு மிகவும் பயன்படுவது. பாணர் எயிற்பட்டினத்து நெய்தற் குடிகளிடம் சுட்ட குழல்மீனைப் பெறுவர். வேலூர் எயினரிடம் ஆமான் சூட்டைப் பெறுவர். மருத நிலத்து ஆமூரில் உழவர் வீட்டில் வெண்சோற்றோடு நண்டுக் கலவையைப் பெறுவர். உழவு வந்தவுடன் ஊன் ஒழிந்தது என்னும் பிற்காலக் கருத்துக்கு இவ்வுழவர் வீடு நேர் எதிரானது. மறுபுறம், பெரும்பாணாற்றுப்படையின் அந்தணர் இல்லத்தில் சோறும் மாதுளங்காயும் மாவடு ஊறுகாயும் கிடைக்கின்றன. ஒரே காலத்தில் பல உணவு முறைகள் அருகருகே இருந்தன. எதுவும் மற்றொன்றை இயல்புக்கு மாறானது எனப் பழிக்கவில்லை.

குறளின் வைப்புமுறை

புலால் மறுத்தல் துறவறவியலில், அருளுடைமையை அடுத்து வைக்கப்பட்டுள்ளது. பரிமேலழகர் துறவறத்தை விரதம், ஞானம் என இரண்டாகப் பகுத்து இவ்வதிகாரத்தை விரதத்தில் அடக்குகிறார். அதிகாரத்தின் பத்துக் குறள்களும் அருளையே அளவுகோலாகக் கொள்கின்றன: தன் ஊனைப் பெருக்கப் பிறிதோர் உயிரின் ஊனைத் தின்பவனிடம் அருள் எவ்வாறு தங்கும் என்பதே தொடக்க வினா. ஊன் நோய் தரும் என்றோ, மனிதப் பல்லும் குடலும் அதற்கு ஏற்றவையல்ல என்றோ ஒரு குறளும் வாதிடவில்லை.

உடல்நலத்தை வள்ளுவர் பேசாதவர் அல்லர். பொருட்பாலின் 95ஆம் அதிகாரமாகிய மருந்து அதற்கெனவே அமைந்தது. முன் உண்டது செரித்தமை அறிந்து உண்ணல், அளவறிந்து உண்ணல், உடலோடு மாறுபடாத உணவைக் கொள்ளல் ஆகியவையே அங்குச் சொல்லப்படும் நெறிகள். ஊனை விலக்கு என்னும் விதி அங்கில்லை. ஒரே ஆசிரியர் உணவை இரண்டு இடங்களில் இரண்டு அளவுகோல்களால் நோக்குகிறார். இப்பிரிவைத் தற்செயலாகக் கொள்வது நூலின் கட்டமைப்பைப் புறக்கணிப்பதாகும்.

இவ்வாறு கூறுவது அதிகாரத்தின் வன்மையைக் குறைப்பதாகாது. நலத்தின் பொருட்டு ஊனை விடுபவன் தன்னைக் காக்கிறான். அருளின் பொருட்டு விடுபவன் பிறிதோர் உயிரைக் காக்கிறான். ஊனுணவு உடலுக்கு நன்மையே செய்தாலும் வள்ளுவரின் வினா அப்படியே நிற்கும். அவ்வினாவை நலவாதத்தின் மீது நிறுத்தினால், மருத்துவம் மாறுந்தோறும் அறமும் ஆட்டங்காணும்.

சாதுவனும் நாகரும்

துறவியர்க்கு உரிய விரதத்தைக் கடலோடு வாழும் மக்களிடம் எவ்வாறு பேசுவது? மணிமேகலையின் ஆதிரை பிச்சையிட்ட காதை இவ்வினாவை நேர்கொண்டு எழுப்புகிறது. கலம் கவிழ்ந்து நாகர் மலையை அடைந்த சாதுவனிடம் நாகர் தலைவன் கள்ளையும் ஊனையும் தர, அவன் மறுக்கிறான். உரையாடலின் முடிவில் தலைவன் தம் மக்களால் கைக்கொள்ள இயன்ற அறத்தைக் கேட்கிறான். சாதுவன் இறங்கி வருகிறான்: கலம் உடைந்து வருவோரைக் கொல்லாது காக்க வேண்டும், மூத்து இறந்த விலங்கின் ஊனைத் தவிர, எவ்வுயிர்க்கும் தீங்கு செய்தல் ஆகாது.

சாத்தனார் இங்கே அறத்தின் உயரத்தைக் குறைக்கவில்லை. கேட்பவரின் நிலத்தையும் வாழ்வையும் அறிந்து பேசுகிறார். கொன்று உண்ணல் வேறு, இறந்ததை உண்ணல் வேறு என்னும் இப்பௌத்த வேறுபாட்டைச் சமணர் ஏற்கவில்லை. நீலகேசியின் பௌத்த வாதங்களில் ஊன் உண்ணல் கடுமையாகக் கண்டிக்கப்படுகிறது. இரு சமயங்களுக்கும் இடையே நிகழ்ந்த இவ்விவாதத்தின் மையம் கொலைப்பொறுப்பு யாரைச் சாரும் என்பது. மனித உடலின் அமைப்பு அன்று.

நலவாதத்தின் வருகை

மூன்று வினாக்களும் ஒன்றான காலம் அண்மைக்காலமே. கொலையும் புலையும் தவிர்த்தோரை அகவினம் என்றும் ஏனையோரைப் புறவினம் என்றும் பிரித்த வள்ளலாரிடம் (1823–1874) கூட அளவுகோல் உயிரிரக்கமாகவே இருந்தது. 1847இல் இங்கிலாந்தில் மரக்கறி உணவினர் சங்கம் தோன்றிய பின், உடலமைப்பும் நோயின்மையும் முதன்மை வாதங்களாக உலகெங்கும் பரவின. தமிழில் இவ்வாதத்தையும் அருள் வாதத்தையும் நாகரிக வரலாற்றையும் ஒன்றாக இணைத்தவருள் முதன்மையானவர் மறைமலையடிகள் (1876–1950). வேளாளர் நாகரிகம் (1923) உழவால் கொலையும் ஊனும் தவிர்த்தோரைத் தமிழ் நாகரிகத்தின் தலைமக்களாக நிறுத்துகிறது. மக்கள் நூறாண்டு உயிர்வாழ்க்கை அடிகளின் உடல்நலக் கருத்துகளைத் தொகுத்துரைக்கும் நூல். நாகப்பட்டினக் கடற்கரையை அடுத்துப் பிறந்தவர் அவர். ஆயினும் அவருடைய நாகரிகப் படிநிலையில் மீனவர்க்கு உயர்ந்த இடமில்லை.

மருத்துவ மரபு இப்படிநிலையை அறியாது. சித்த மருத்துவப் பொருட்பண்பு நூலாகிய பதார்த்த குண சிந்தாமணி, கீரை காய்களைப் போலவே இறைச்சி, மீன் வகைகளுக்கும் தனித்தனியே குணம் கூறுகிறது. எது எந்நோயர்க்கு ஆகும், எது ஆகாது என்பதே அங்கு ஆராயப்படுவது.

இன்றைய அறிவியலும் ஒற்றை விடை தருவதில்லை. ஏறத்தாழ 25 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்ட விலங்கெலும்புகளில் கற்கருவிகளின் வெட்டுத் தடங்கள் உள்ளன. மனிதன் இருவகை உணவும் உண்ணும் உயிரினம். பி12 உயிர்ச்சத்து பயிருணவில் இயல்பாகக் கிடைப்பதில்லை. அதே வேளையில், நன்கு திட்டமிட்ட மரக்கறி உணவு உடல்நலத்திற்குப் போதுமானது என்பதை உணவியலார் ஏற்கின்றனர். உலக நலவாழ்வு அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2015இல் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் விளைவிப்பவற்றின் முதல் தொகுதியில் சேர்த்தது. நாளொன்றுக்கு 50 கிராம் உண்பது பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பை ஏறத்தாழ 18 விழுக்காடு கூட்டும் என மதிப்பிட்டது. இம்முடிபைச் சாளைக் குழம்பின் மீது ஏற்றுவதும், மீனின் நன்மையைக் காட்டி எல்லா இறைச்சியையும் போற்றுவதும் ஒரே வகைப் பிழைகளே. 'ஊன்' என்னும் ஒற்றைச் சொல் மருத்துவத்திற்குப் போதாது.

சொல்லின் எல்லை

அச்சொல்லின் எல்லையும் முத்துக்குளித்துறையில் மாறுகிறது. பழந்தமிழில் புலவும் புலாலும் மீனையும் இறைச்சியையும் ஒருங்கே தழுவின. 1530களில் பரதவர் கத்தோலிக்கம் தழுவினர். 1542இல் புனித சவேரியார் இக்கரைக்கு வந்தார். அச்சமய மரபில் இறைச்சி விலக்கும் நாள் சுத்தபோசன நாள் எனப்படும். அன்று மீன் விலக்கப்படுவதில்லை. அடுத்த தெருவில் 'சுத்தம்' என்னும் அதே சொல் மீனையும் முட்டையையும் விலக்கிப் பொருள்படும். எது தூய உணவு என்பதை உடலன்றி மரபே வரையறுக்கிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

சைவம், அசைவம் என்னும் வழக்கும் நோக்கத்தக்கது. கடற்கரையின் நாளுணவு ஓர் எதிர்மறை முன்னொட்டால் மட்டுமே பெயர் பெறுகிறது. ஆனால் பெரியபுராணத்தில் கண்ணப்பர் இறைவனுக்கு ஊனையே படைக்கிறார். நாகையின் நுளையராகிய அதிபத்தர், தம் வலையில் வந்த மீன்களில் ஒன்றை நாள்தோறும் சிவனுக்கெனக் கடலில் விடுகிறார். சேக்கிழாரின் சைவம், உணவுவிடுதிப் பலகையின் சைவத்தைவிட அகன்றது.

முத்தும் புலாலும்

உண்பார் இல்லையெனின் விலைக்கு ஊன் தருவாரும் இல்லை என்பது 256ஆம் குறளின் வாதம். கொலைப்பொறுப்பு வாங்குவோரையும் சாரும் என்னும் இவ்வாதத்தை முத்திற்குப் பொருத்திப் பார்த்தல் வேண்டும். முத்துக்குளிப்பில் சிப்பிகள் பெருந்தொகையாக எடுக்கப்பட்டு, ஆயிரக்கணக்கில் ஏலம் விடப்பட்டு, கரையில் குவிக்கப்பட்டு அழுகவிடப்பட்டன. முத்து அச்சிதைவிலிருந்தே கழுவி எடுக்கப்பட்டது. அச்சதை பெரும்பாலும் எவர்க்கும் உணவாகவில்லை. இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகள் இறைவனுக்கு அளிக்கப்பட்ட முத்துகளை வகைவகையாகப் பட்டியலிடுகின்றன. மீன் நாற்றத்தை விலக்கியோர் முத்தை விலக்கவில்லை. 1961இல் இக்கடலில் பெரிய அளவிலான முத்துக்குளிப்பு முடிவுற்றது. 1973இல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் வளர்ப்பு முத்தை உருவாக்கினர். புலால் பற்றிய நம் திறனாய்வு இவற்றைத் தன் எல்லைக்குள் கொண்டுவந்ததில்லை. அருளே அளவுகோல் எனின், பசிக்குப் பிடித்த சாளைக்கு முன் அணிக்கு அழிந்த சிப்பி எண்ணப்பட வேண்டும்.

உயிர்களிடத்துப் பொறுப்பு என்பது கடற்கரைக்கு அயலானதும் அன்று. மன்னார் வளைகுடாவில் ஆமை பிடித்தல் முன்னர் ஒரு தொழிலாக இருந்தது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் அதனை விலக்கியது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. உண்பது எது, எப்போது, எவ்வளவு என்னும் வரையறை அங்கு இன்றும் வகுக்கப்பட்டு வருகிறது. நாகர் தலைவன் கேட்ட 'இயன்ற அறம்' இதனோடு ஒப்பிடத்தக்கது.

முடிவுரை

ஊனுணவு இயல்பா என்னும் வினாவுக்குத் திணைக்கோட்பாடு நிலத்தைச் சார்ந்து விடை தருகிறது. நலமா என்னும் வினாவைக் குறளின் மருந்து அதிகாரமும் மருத்துவ நூல்களும் அளவையும் உடலையும் சார்ந்து ஆராய்கின்றன. தகுமா என்னும் வினாவைப் புலால் மறுத்தல் அருளைச் சார்ந்து எழுப்புகிறது. முதல் இரண்டற்கும் 'ஆம்' என்பது மூன்றாவதை ஒழிப்பதில்லை. ஆதலின் சங்கப்பாடலைக் காட்டிக் குறளை மறுத்தல் இயலாது. மூன்றாவதன் உயர்வு முதல் இரண்டற்கும் 'இல்லை' என்னும் விடையைத் தருவதுமில்லை. ஆதலின் குறளைக் காட்டிப் பரதவரின் உணவை இயல்பற்றது என்றும் நோய் தருவது என்றும் தாழ்த்துதலும் இயலாது. வகுப்பறையில் 26ஆம் அதிகாரத்தைக் கற்பிக்கும்போது 95ஆம் அதிகாரத்தையும் சாதுவன் கதையையும் உடன்வைத்துக் கற்பித்தல் தகும். அவ்வாறு கற்பிக்கும் வகுப்பில், மீன்விலையால் கட்டணம் செலுத்திப் பயிலும் மாணவரும் வள்ளுவரின் வினாவைத் தமக்குரிய வினாவாகத் தலைநிமிர்ந்து எதிர்கொள்ள இயலும்.